எட்டே கால் சுற்று

ஐந்து சுற்று முடிந்துவிட்டது, இது ஆறாவது. ஆறு கிலோமீட்டர் முடிந்ததென்று சற்று முன் கடிகாரம் மணிக்கட்டில் ஒரு முறை அதிர்ந்தது, ஆக கிலோமீட்டரும் ஆறு, சுற்றும் ஆறு, இரண்டும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு எது எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போடவே ஒரு சோடியம் விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரைக்கும் ஆகிவிடுகிறது. இருபத்தாறு வருஷம் ஐசியூவில் நின்று நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு என்று சலைனை எண்ணிய சகாயராணி எனக்கு தெப்பக்குளத்தைச் சுற்றிய கணக்கு தப்புகிறது என்றால் எங்கள் வார்டு மும்தாஜ் சிரிப்பாள். ஒரு சுற்று ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் மீட்டர். எட்டு சுற்றும் மேலே ஒரு கால் சுற்றும் ஓடினால் பத்து கிலோமீட்டர். இன்றைக்கு நிற்காமல் பத்து. ஜனவரியில் மாரியம்மன் கோயில் வாசலிலிருந்து புறப்பட்டு முதல் மூலை வருவதற்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான், அந்த மூலையில் இப்போது நிற்கும் பருத்திப்பால் வண்டிக்காரர் அப்போதும் நின்றார், ஏன் தாயி, யாரும் துரத்துறாகளா என்று கேட்டார். இப்போது நான் கடந்துபோகும்போது தம்ளரைக் கழுவிக்கொண்டே ஒரு விரலைத் தூக்கிக் காட்டுகிறார், அடுத்த தடவை இரண்டு விரல், போன சுற்றில் கை முழுவதையும் விரித்தார், என்னைவிட அவர்தான் கணக்கைச் சரியாக வைத்திருக்கிறார். நாற்பத்தொன்பது வயது. முழங்கால் வரைக்கும் நீலமாகச் சுருண்ட நரம்பு, நின்று நின்றே வந்தது, அந்தக் கால்தான் ஓடுகிறது. நாத்தனார் போன மாதம் கேட்டாள், இந்த வயசுல பேன்ட்டு போட்டுக்கிட்டு ஊரைச் சுத்தி ஓடணுமா அண்ணி என்று, ஊரை எங்கே சுற்றினேன், குளத்தைத்தானே சுற்றுகிறேன் என்று சொல்லிவிட்டு அவளுக்குக் காப்பி போடப் போய்விட்டேன். சொல்லிவிட்டு வந்த சந்தோஷம் அடுப்படியில் ரொம்ப நேரம் இருந்தது.

குளத்தில் இந்த வருஷம் தண்ணீர் நிற்கிறது. நடு மண்டபமும் அதைச் சுற்றிய மரங்களும் தலைகீழாகத் தெரிகின்றன, அதைப் பார்த்துக்கொண்டு ஓடினால் மூச்சு தானாக ஒழுங்குக்கு வருகிறது, இரண்டு அடிக்கு ஒரு மூச்சு உள்ளே, இரண்டு அடிக்கு ஒரு மூச்சு வெளியே. கோயில் பக்கத்துப் படியில் அவர் உட்கார்ந்திருக்கிறார், இருதயராஜ், என் வீட்டுக்காரர், கையில் தண்ணீர் பாட்டிலும் துண்டும். ஒவ்வொரு சுற்றிலும் நான் நெருங்கும்போது எழுந்து நிற்பார், கடந்துபோனதும் உட்காருவார், பஸ் டிப்போவில் முப்பது வருஷம் மெக்கானிக்காக இருந்தவர், வண்டி போகிற சத்தத்தைக் கேட்பதுபோல என் கால் சத்தத்தைத் தலையைச் சாய்த்துக் கேட்பார். அவரும் மகள் ஜெசிந்தாவும் சேர்ந்து நான் ஓடுவதற்கு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். அவள் சென்னையிலிருந்து இந்தக் கடிகாரத்தை வாங்கி வந்து என் கையில் கட்டினாள். கீழ்ப்பக்கம் பச்சை வெளிச்சம் மினுக்கும், தோலுக்கு அடியில் ஓடும் ரத்தத்தைப் பார்த்து இருதயம் எத்தனை தடவை துடிக்கிறது என்று சொல்லும், எங்கள் வார்டில் பேஷன்ட் விரலில் மாட்டும் கிளிப்பில் சிவப்பு வெளிச்சம், இதில் பச்சை, அவ்வளவுதான் என்றேன், அவள் பெருமையாக அப்பாவைப் பார்த்தாள், அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்பது மாதிரி. எங்கே ஓடுகிறேன் என்பது சாட்டிலைட்டுக்குத் தெரியும், காலையில் வானம் தெரிகிற இடமாகப் பார்த்துக் கையை உயர்த்திக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்க வேண்டும், அது ரெடி என்று சொன்ன பிறகுதான் ஓடலாம். இடுப்புப் பையில் இருக்கும் போன் வழியாக நான் குளத்தைச் சுற்றுவது ஒரு நீலப் புள்ளியாக ஜெசிந்தாவுக்குச் சென்னையில் தெரியும், புள்ளிக்குப் பக்கத்தில் என் துடிப்பு எத்தனை என்பதும் தெரியும். நூற்று அறுபதைத் தாண்டினால் கடிகாரம் அடித்துக்கொள்ளும்படி அவளே வைத்துக்கொடுத்தாள். அது அடித்தால் ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும், நடந்து வீட்டுக்கு வந்துவிட வேண்டும், அன்றைக்கு அவ்வளவுதான். டாக்டர் அப்படி எந்த எண்ணும் சொல்லவில்லை, எல்லாம் சரியாகிவிட்டது சிஸ்டர், நீங்கள் ஓடலாம் என்றுதான் சொன்னார். எண் இவர்கள் இரண்டு பேரும் வைத்தது. நான் சரி என்றேன். அவர்கள் பார்த்ததை நான் பார்க்கவில்லையே, அவர்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றவர்கள், நான் உள்ளே படுத்திருந்தவள்.

அதை நினைக்கக் கூடாது. ஓடும்போது அதை நினைக்கக் கூடாது என்று நினைக்கும்போதே நாலாம் நம்பர் படுக்கை வந்துவிடுகிறது. இரண்டு வருஷம் முன்பு, மத்தியானம், சாப்பிட்டுவிட்டு வந்து ஆறாம் நம்பருக்கு ஊசி மருந்தை உறிஞ்சிக்கொண்டிருந்தேன், யாரோ நெஞ்சுக்குள் சுவிட்சைப் போட்டதுபோல ஆரம்பித்தது. படபடப்பு மெதுவாக ஏறவில்லை, ஒரு நொடியில் இருந்தது. கழுத்தில் இரண்டு பக்கமும் தவளை குதிப்பதுபோல எகிறியது. மருந்துக் குப்பியைத் தட்டில் வைத்தேன், ஊசியை மூடினேன், அதுவரைக்கும் செய்தேன், அதற்குப் பிறகுதான் மும்தாஜ் என்று கூப்பிட்டேன். என்னிடம் வேலை கற்றுக்கொண்ட பெண் என்னை நாலாம் நம்பரில் படுக்கவைத்து ஒயர்களை ஒட்டினாள். இருநூற்றுப் பன்னிரண்டு. அந்த எண் அசையவே இல்லை, இருநூற்றுப் பதினொன்று என்றோ பதினான்கு என்றோ ஆடவில்லை, ஆணி அடித்ததுபோல இருநூற்றுப் பன்னிரண்டு. நல்ல இருதயத்தின் எண் மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், இந்த வியாதியின் எண் நகராது, நானே எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கையில் ஊசி போட்டார்கள். அந்த ஊசி போடும்போது பேஷன்டுகளிடம் ஒரு பத்து செகண்டு ஒரு மாதிரி இருக்கும்யா, பயப்படாதீங்க என்று சொல்வேன். ஒரு மாதிரி என்றால் என்ன மாதிரி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தலையைத் திருப்பினேன், மானிட்டரில் என் கோடு நேராக ஓடிக்கொண்டிருந்தது. என் பேர் எழுதிய மானிட்டரில் நேர்கோடு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு செகண்டு. அப்புறம் ஒரு துள்ளல், இன்னொரு துள்ளல், சரியாகிவிட்டது. தொடை வழியாக ஒயர் விட்டு இருதயத்துக்குள் மின்துடிப்பு ஓடக் கூடுதலாக இருந்த ஒரு வழியைச் சுட்டு அடைத்தார்கள், மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டேன், ஒரு மாதத்தில் வேலைக்கும் போய்விட்டேன். வியாதி போய்விட்டது, விரல் மட்டும் கழுத்தைவிட்டுப் போகவில்லை. மாடிப்படி ஏறினால் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று கழுத்தில் விரல் வைத்து எண்ணுவேன். துணி காயப்போட்டால் எண்ணுவேன். பூசையில் முழந்தாள் போட்டு எழுந்தால் எண்ணுவேன். எல்லாரும் சேசுவே என்று கும்பிடும்போது நான் கழுத்தில் கை வைத்துக்கொண்டு முப்பத்தேழு, முப்பத்தெட்டு என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

ஆபரேஷன் முடிந்த ஒரு கொத்தனார்தான் கேட்டார், மேலூர்ப் பக்கத்து ஆள், கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறார், நடந்தா ஒண்ணும் ஆகாதுல்ல சிஸ்டர் என்று. ஒண்ணும் ஆகாதுய்யா, தைரியமா நடங்க, இருதயம் நடக்கத்தான் இருக்கு என்றேன். வாய் அதைச் சொல்லும்போது என் வலது கை கழுத்தில் இருந்தது. அந்த ஆள் அதைப் பார்த்தார். பிறகு நடந்தார், கதவு வரைக்கும் போய்த் திரும்பினார். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் நேராகப் போய் ஷூ வாங்கினேன். வீட்டுக்காரரிடம் கேட்கவில்லை, ஷூவைக் காட்டித்தான் சொன்னேன். ஜனவரியில் ஒரு மூலை. பிப்ரவரியில் இரண்டு மூலை. ஈஸ்டருக்கு ஒரு முழுச் சுற்று, அன்றைக்கு இவர் ஒரு கிலோ நெஞ்செலும்பு வாங்கி வந்து தானே குழம்பு வைத்தார். இப்போது ஆறு கிலோமீட்டரும் அரையும், மூச்சு பிடிக்கவில்லை, விலாவில் குத்தல் இல்லை, ஒரு பெரியவர் என்னைக் கடந்துபோகிறார், போகட்டும், அவர் கடந்துபோக நானும் ஓடிக்கொண்டிருக்க வேண்டுமே, ஓடிக்கொண்டிருக்கிறேன். நான்காம் சுற்றில் வேர்வையில் கடிகாரப் பட்டை அரித்தது, ஒரு ஓட்டை தளர்த்திவிட்டேன், இப்போது அரிப்பில்லை, கை வீசும்போது லேசாக ஆடுகிறது. வெயில் வருவதற்குள் முடித்துவிடலாம். குளத்தின் எதிர்க்கரையில் இருக்கிறேன், கோயில் நேர் அந்தப் பக்கம், இவர் ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரிகிறார். கால் ஒரே தாளத்தில் விழுகிறது. நன்றாக ஓடுகிறேன். நன்றாகத்தான் ஓடுகிறேன், அப்போதுதான் கை அதிர்ந்தது.

கிலோமீட்டருக்கு அதிர்வதுபோல ஒரு தடவை இல்லை. மூன்று தடவை, நிறுத்தி, திரும்ப மூன்று தடவை. பார்க்காமல் இரண்டு மூன்று அடி ஓடினேன். பார்த்தேன். நூற்று எழுபத்து நான்கு. தப்பாகப் பார்த்திருப்பேன், கையை இன்னும் பக்கத்தில் கொண்டுவந்தேன், நூற்று எழுபத்து நான்கு. அடுத்த கம்பம் வரைக்கும் பார்த்தேன். ஐந்து என்று ஆகட்டும், மூன்று என்று ஆகட்டும், ஆடு, ஆடித் தொலை. ஆடவில்லை. ஆணி அடித்ததுபோல. ஆறாம் நம்பருக்கு மருந்து உறிஞ்ச வேண்டும், குப்பியைத் தட்டில் வைக்க வேண்டும், ஊசியை மூட வேண்டும். சுட்டு அடைத்த வழி திறந்துகொண்டதா, நூற்றில் சில பேருக்குத் திறந்துகொள்ளும், நானே அவர்களுக்குப் படுக்கை விரித்திருக்கிறேன். இவர் அந்தக் கரையில் இருக்கிறார். இங்கே விழுந்தால் பார்க்கிறவர்கள் சோடா வாங்கிக்கொண்டு வருவார்கள், முகத்தில் தண்ணீர் அடிப்பார்கள், இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைக்க யாருக்கும் தெரியாது. இடுப்பில் போன் அடிக்க ஆரம்பித்தது. ஜெசிந்தாதான். அவளுக்கும் அந்த எண் தெரிகிறது. எடுக்கவில்லை. குளத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், நின்றுவிட்டேன், இனி நடந்துபோய் வீட்டுக்குப் போவதுதான். அவ்வளவுதான் இன்றைக்கு. அவ்வளவுதானா.

ஆனால் கழுத்தில் தவளை இல்லை. இது எப்போது உறைத்தது என்று சொல்லத் தெரியவில்லை, சுவரில் கை ஊன்றி நின்ற மூன்றாவது மூச்சிலோ நான்காவது மூச்சிலோ. கண் இருட்டவில்லை. கடிகாரம் சொல்வது ஒன்று, உடம்பு சொல்வது ஒன்று. மும்தாஜ் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் ஒன்பதாம் நம்பர் மானிட்டரில் கோடு நேராகிவிட்டது, சிஸ்டர் என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள், நான் ஓடிப்போய்ப் பார்த்தால் அந்த மனுஷன் நெஞ்சைச் சொறிந்து ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, இட்டிலி எப்ப வரும் என்று கேட்டார். மெஷினைப் பார்க்காதே, ஆளைப் பார் என்று அன்றைக்கு அவளுக்குச் சொன்னேன், அதற்கப்புறம் சேர்ந்த பெண்கள் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன். ஆளைப் பார் சகாயராணி. கடிகாரம் ஆடுகிறது, பட்டைக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரல் போகும். கையை வீசுகிறேன், அது தோலின்மேல் தட்டுகிறது, ஒவ்வொரு அடிக்கும் ஒரு தட்டு. ஒவ்வொரு அடிக்கும். போன ஞாயிற்றுக்கிழமை ஜெசிந்தா போனில் சொன்னாள், உன் ஓட்டத்தை எல்லாம் பார்த்தேம்மா, நீ மெதுவா ஓடினாலும் வேகமா ஓடினாலும் ஒரு நிமிஷத்துக்கு நூத்தி எழுபத்தி மூணு, நாலு அடிதான் வைக்கிற, அளவெடுத்த மாதிரி என்று. நூற்று எழுபத்து நான்கு அடி. பாவி, நீ என் இருதயத்தையா எண்ணுகிறாய், என் காலை எண்ணிக்கொண்டிருக்கிறாய்.

நினைத்ததை நம்பக் கூடாது, எண்ண வேண்டும். இரண்டு வருஷமாகப் பயத்தில் போன விரல் இப்போது வேலைக்குப் போனது. குரல்வளைக்குப் பக்கத்தில், ஒரு பக்கம் மட்டும், அழுத்தாமல். கடிகாரத்தில் செகண்டு மட்டும் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஒழுங்காக வருகிறது. பதினான்கு, பதினைந்து. மூச்சை இழுத்தால் கொஞ்சம் வேகம், விட்டால் கொஞ்சம் நிதானம், ஆடுகிறது, உயிருள்ள இருதயம் ஆடுகிற மாதிரி ஆடுகிறது. பதினைந்து செகண்டில் முப்பத்தாறு. நாலால் பெருக்கினால் நூற்று நாற்பத்து நான்கு. திரும்பவும் எண்ணினேன், முப்பத்து மூன்று, நின்றதால் இறங்குகிறது, இறங்க வேண்டியபடி இறங்குகிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. துண்டு இருந்தால் முகத்தில் போட்டுக்கொண்டு அழுதிருப்பேன், துண்டு அவரிடம் இருந்தது.

அவர் வந்துகொண்டிருந்தார். ஜெசிந்தா அவருக்குப் போன் பண்ணியிருக்கிறாள். குளத்தின் அந்தக் கரையிலிருந்து பாதிச் சுற்று, அறுநூறு மீட்டர், செருப்புக் காலோடு, வேட்டியை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் பாட்டில், ஐம்பத்தெட்டு வயது மனுஷன். கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் பஸ்ஸுக்குக்கூட அவர் ஓடிப் பார்த்ததில்லை, அடுத்த வண்டி வரும் என்பார். வந்து என் தோளைப் பிடித்தார். மூச்சு இறைத்தது அவருக்கு. உட்காரு என்று கையைக் காட்டினார். நான் உட்காரவில்லை. ஒண்ணுமில்லைங்க, பட்டை தளர்ந்துபோச்சு, அது என் கால் அடியைத் துடிப்புன்னு எண்ணிருச்சு, நான் கை வச்சுப் பாத்துட்டேன், நூத்தி நாப்பத்தி நாலுதான் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார், நம்பவில்லை என்ற ஆட்டல். ஆட்டோ கூப்பிடுகிறேன் என்றார். அலாரம் அடிச்சா நிறுத்துறதுன்னுதானே பேச்சு ராணி என்றார். பேச்சு அப்படித்தான். நான் நிறுத்தினேன், அதையும் சொன்னேன். அப்புறம் அவருக்குத் தெரிந்த வழியில் சொன்னால்தான் ஏறும் என்று பட்டது.

"ஏங்க, டிப்போவுல ஒரு வண்டி வருது. ஹீட் மீட்டர் முள்ளு உச்சியில நிக்குது. உடனே இன்ஜினைப் பிரிச்சுப் போட்டுருவீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"தொட்டுப் பாப்பேன்" என்றார்.

"அப்பத் தொட்டுப் பாருங்க."

அவர் விரல்களைப் பிடித்து என் கழுத்தில் வைத்தேன். ஆயில் கறை போகாத விரல், ரிட்டயர் ஆகி மாதம் நாலு ஆகியும் ரேகையில் கறுப்பு இருக்கிறது. எத்தனை என்று அவருக்கு எண்ணத் தெரியாது, ஆனால் தாளம் தெரியும். கண்ணை மூடிக்கொண்டார், தலையைச் சாய்த்தார், கால் சத்தம் கேட்பாரே அதேபோல. ரொம்ப நேரம் வைத்திருந்தார். நடைபோகிறவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டே போனார்கள், போகட்டும். மிஸ் ஆகலை, ஒரே சீரா இருக்கு என்றார், கண்ணைத் திறக்காமல். அவர் வாயில் அது பெரிய சர்டிபிகேட், ஒரு இன்ஜினுக்கு அவர் அதைச் சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் பானெட்டைத் திறக்க மாட்டார்களாம். பிறகு நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன், பிடித்த கை பழக்கத்தில் நாடியில்தான் போய் நின்றது. முப்பத்தெட்டு. நூற்று ஐம்பத்திரண்டு.

"உங்களுக்குத்தாங்க என்னைவிட ஜாஸ்தி" என்றேன்.

அவர் சுவரில் உட்கார்ந்தார். தண்ணீரை எனக்கு நீட்டினார், நான் அவரை முதலில் குடிக்கச் சொன்னேன். ஜெசிந்தாவுக்கு அவரே போன் போட்டுப் பேசினார், உங்கம்மா நல்லா இருக்கா, வாட்ச்சுதான் தப்பா எண்ணிருக்கு, உங்கம்மா கண்டுபிடிச்சுட்டா என்று. கடைசி வார்த்தையைச் சொல்லும்போது குரல் உயர்ந்தது, பக்கத்தில் போகிறவர்களுக்கும் கேட்கட்டும் என்பதுபோல. நான் கடிகாரத்தை மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே ஏற்றி, பட்டையை இறுக்கினேன். அவர் நாடி நூற்றுப் பத்துக்கு இறங்கும் வரைக்கும் பக்கத்தில் நின்றேன். மிச்சம் எவ்வளவு என்று கேட்டார். மூன்று கிலோமீட்டரும் கொஞ்சமும் என்றேன். நிற்காமல் பத்து என்பது போய்விட்டது, நின்றுவிட்டேன், அது கொஞ்சம் வலித்தது. நின்றதைச் சேர்த்துத்தான் இது பத்து என்று தோன்றியது. துண்டை என் தோளில் போட்டு, உடனே ஓடுவதற்குத் தடையாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டார். சரி, ஓடிட்டு வா, நான் இங்கனயே இருக்கேன் என்றார்.

ஓடினேன். முதலில் கால் மரக்கட்டை மாதிரி இருந்தது, பருத்திப்பால் மூலை வருவதற்குள் இளகிவிட்டது. வண்டிக்காரர் ஏழு விரல் காட்டினார், ஐந்தும் இரண்டும், நானும் திருப்பி ஏழு காட்டினேன். கோயில் வாசலில் பூக்காரி வாளித் தண்ணீரை வாழை நாரில் தெளித்துக்கொண்டிருந்தாள். வெயில் மண்டபத்தின் உச்சியில் பட்டு, பிறகு மரத்தில் இறங்கி, பிறகு தண்ணீருக்கு வந்தது. ஒரு ஸ்கூல் வேன் ஹாரன் அடித்தது. சாயங்காலம் டூட்டி, புது பேஷன்ட் இரண்டு பேர், ஒன்பதாம் நம்பருக்கு டிஸ்சார்ஜ், பச்சரிசி ஊறப்போட்டதை அரைக்க வேண்டும், ஜெசிந்தாவுக்கு வரன் என்று நாத்தனார் கொண்டுவந்த போட்டோவில் அந்தப் பையன் ஏன் அவ்வளவு முறைப்பாக நிற்கிறான், ஷூவின் இடது நாடா தளர்கிறது, அது தாங்கும், ஏழாவது சுற்றில் இவர் சுவரிலிருந்து எழுந்து நின்றார், எட்டாவதில் எழவில்லை, துண்டை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார், நான் போகும்போது பேச்சை நிறுத்தாமல் கையை மட்டும் தூக்கினார். அந்த ஆளிடம் என்னைப் பற்றித்தான் சொல்கிறார் என்று அந்த ஆள் திரும்பிப் பார்த்ததில் தெரிந்தது. தோள் தானாக நிமிர்ந்தது. கடைசிக் கால் சுற்றில் யாரும் சொல்லாமல் கால் வேகம் எடுத்தது, வேகமாக ஓடிய பெரியவர் இப்போது நடந்துகொண்டிருந்தார், அவரைத் தாண்டினேன், பருத்திப்பால் வண்டியைத் தாண்டினேன், கை அதிர்ந்தது. ஒரு தடவை. பத்து.

நின்று முட்டியில் கை ஊன்றிக் குனிந்தேன். மூக்கு நுனியிலிருந்து வேர்வை தரையில் சொட்டியது, எண்ணவில்லை. இடுப்பில் போன் அடித்தது, எடுத்தேன். முடிச்சுட்டியாம்மா என்றாள் ஜெசிந்தா, பத்து என்றேன், அவள் அந்தப் பக்கம் ஹாஸ்டலில் யாரிடமோ எங்கம்மா பத்து என்று சொல்வது கேட்டது.

"கடைசியில ஹார்ட் ரேட் எவ்வளவும்மா போச்சு? இங்க எனக்கு லைன் கட்டாயிருச்சு."

கழுத்துக்குக் கை போகவில்லை. எட்டாம் சுற்று முழுக்கப் போகவில்லை, ஏழிலும் போகவில்லை.

"தெரியலடி" என்றேன். "பாக்க மறந்துட்டேன்."